பத்து வினாடிக்கு ஒரு பதில்

விசிறி நின்றுவிட்டது. ஆனால் கம்ப்யூட்டர் மட்டும் 'மின்சாரம் உள்ளது' என்று பச்சை எழுத்தில் சத்தியம் செய்துகொண்டிருந்தது.

பழைய ஆவணங்களைப் பூச்சி அரிக்காமலிருக்க நச்சுப்புகை போடும் அடித்தள அறை அது. அவன் அலுவலகத்தின் கம்ப்யூட்டர்காரன். விசைப்பலகை மாற்ற வந்தவன். விளக்கும் அணைந்திருந்தது. புகையை வெளியே தள்ளும் விசிறியின் உறுமல் அடங்கிய இடத்தில் பெட்டிகளுக்குள் காகிதங்கள் மெல்ல முறுகும் சத்தம் கேட்டது, நாக்கின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும் கசந்த வாடையொன்று எழுந்தது. இரும்புக் கதவின் பூட்டும் மின்சாரத்தில்தான் திறக்கும்.

அவனுக்குப் பயமில்லை. ஏற்பாடு அவனுடையதாயிற்றே. கரண்ட் போனாலும் கம்ப்யூட்டரை ஓட வைக்க அலுவலகம் வாங்கித் தந்த யூபிஎஸ் பேட்டரி இருப்பதிலேயே மலிவு; கரண்ட் போனதைக் கம்ப்யூட்டரிடம் சொல்ல அதற்கு வாயில்லை. அதனால் ஒரு சின்ன நெட்வொர்க் பெட்டியை நேரே சுவரில் செருகி, பத்து வினாடிக்கொரு தரம் 'இருக்கிறாயா?' என்று கம்ப்யூட்டர் அதைக் கேட்கும்படி வைத்திருந்தான். கரண்ட் போனால் பெட்டி அணைந்துவிடும்; மூன்று முறை பதில் வராவிட்டால் எழுத்து சிவந்து வெளியே மணி அடிக்கும். காவலாளி கைச்சாவியோடு வருவார். இதற்குத் 'தொலைநோக்குத் திட்டம்' என்று பெயர் சூட்டி மேடையேறியவர் நிர்வாக அதிகாரியான அவன் மச்சான். போகட்டும், வீட்டு மனுஷர்தானே.

முப்பது வினாடி போயிற்று. எழுத்து பச்சையாகவே இருந்தது.

திரை வெளிச்சத்தில் பெட்டியின் ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனான். அது சுவருக்குப் போகவில்லை. யூபிஎஸ்ஸின் முதுகில் செருகியிருந்தது.

பிடுங்கினான். பத்து. இருபது. முப்பது. எழுத்து சிவந்தது. மணி அடிக்கவில்லை.

மச்சானின் மேசைக்கு மட்டும் போகும் இன்டர்காமை எடுத்தான்.

"மச்சான், இந்த ரூமுக்கு வர்ற லைன் போயிருச்சு. கதவைத் திறக்கச் சொல்லுங்க."

"மெதுவா பேசு. விருது குடுக்கத் தலைவர் வராண்டாவுல வந்துட்டிருக்காரு."

"பிளக்கை மாத்துனது நீங்களா?"

"பின்ன? வாரத்துக்கு நாலு தடவை அது ஒப்பாரி வச்சா என் ரிப்போர்ட் என்னாகுறது? மணியையும் இன்னிக்குக் கழட்டி வச்சுட்டேன்."

"புகை திரும்புது மச்சான். மூச்சு முட்டுது."

"அரை மணி நேரம் சமாளி மாப்ள. விருதைக் கையில வாங்கிட்டு நானே வந்து திறக்குறேன். என் தங்கச்சி புருஷனை நான் விட்டுருவேனா?"

வைத்துவிட்டார்.

கதவின் சின்னக் கண்ணாடியில் வராண்டா வெளிச்சம் தெரிந்தது. செருப்புச் சத்தங்கள். இருமல். 'தடையற்ற சேவை' என்று எவரோ முழங்கினார்.

முஷ்டியால் இடித்தான். வெளியே கைதட்டினார்கள். மறுபடி இடித்தான். இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

கண்கள் எரிந்தன. கண்ணாடியில் முகத்தைப் பதித்தான்.

கண்ணாடியில் மச்சானின் முகம். பார்த்தார். நேராக, அவன் கண்ணையே பார்த்தார். பிறகு ஒரு பளபளப்பான காகிதத்தை விரித்துக் கண்ணாடியின் மேல் ஒட்டினார். வெளிச்சத்தில் எழுத்துகள் இடவலம் மாறித் தெரிந்தன: 'நூறு நாள். ஒரு நொடியும் மின்தடை இல்லை.'

காகிதத்துக்கு அந்தப் பக்கம், ஒரு கட்டைவிரலின் நிழல், சுருக்கம் விழாதபடி, மூலை மூலையாக நிதானமாய் நீவிக்கொண்டிருந்தது.