பாலைவனத்தில் ஓர் அட்டைப்பூச்சி!

"உலகத்துல எந்த ஊர் மண்ணை மிதிச்ச செருப்பா இருந்தாலும் சரி... என் மூக்குக்கிட்ட கொண்டு வாங்க! ஊர் பேரு சொல்றேன்... தாலூக்கா சொல்றேன்... அன்னிக்கு மழை பேஞ்சுதா, வெயிலடிச்சுதான்னும் சொல்றேன்!"

டெலிபோனில் அலறியவர் கமாலுதீன் ராவுத்தர்.

1961, ஐப்பசி மாதம். மட்டாஞ்சேரி போலீஸ் ஸ்டேஷன். காலை பத்தரை மணி.

இன்ஸ்பெக்டர் சைபுதீன் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தார். அப்படியும் காது வலித்தது.

"ராவுத்தரண்ணே... இதைச் சொல்லத்தான் போன் பண்ணீங்களா?"

"இல்ல தம்பி. ஒரு கொலையைச் சொல்ல!"

"கொலையா? எங்கே?"

"நேர்ல வாங்க. கொலைகாரன் என் கிடங்குல உட்கார்ந்து என் சாயாவையே குடிச்சுட்டு இருக்கான். ரெண்டு மணிக்குக் கொழும்புக் கப்பல் ஏறப் போறான். ஓடி வாங்க!"

க்ளிக்!

சைபுதீன் பாலக்காட்டுக்காரர். கண்ணால் பார்க்காத எதையும் நம்பாதவர். கண்ணால் பார்த்தாலும், மகஜர் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் நம்புவார்!

ராவுத்தரோ மிளகுத் தரகர். மூட்டையைக் குத்தி எடுத்த ஒரு பிடி மிளகை முகர்ந்தால் போதும்... எந்த மலையில் காய்த்தது என்று சொல்லிவிடுவார். அதை பஜாரே நம்பும். அந்தக் கொடியில் எந்தக் குருவி உட்கார்ந்தது என்றும் சேர்த்துச் சொல்வார். அதைத்தான் யாரும் நம்புவதில்லை.

இன்னொரு பெருமையும் அவருக்கு உண்டு. மட்டாஞ்சேரி நடையர் சங்கத்தின் தலைவர்! போட் ஜெட்டிக்கு அப்பால் அவர் நடந்ததே கிடையாது என்பது வேறு விஷயம்.

சங்கத்தில் மொத்தம் ஐந்து பேர். வருடத்துக்கு ஒரு தடவை ஏதாவது ஒரு ஊரில் பத்து நாள் தங்குவார்கள். தினம் ஒரு திசையில் நடந்துவிட்டு, இரவு அந்த ஊருக்கே திரும்புவார்கள். ஒரு வருடம் மலை ஊர். மறு வருடம் மணல் ஊர்.

அந்த ஊரை முன்கூட்டியே போய்ப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர் சங்கரலிங்கம்.

இந்த வருடம் மணல் முறை. பதினெட்டு நாட்களுக்கு முன் ஜெய்சல்மேருக்குக் கிளம்பினார் சங்கரலிங்கம். கூடப் போனவர் இன்னொரு உறுப்பினர் வெங்கிடாசலம்.

திரும்பி வந்தவர் வெங்கிடாசலம் மட்டும்!

*

கிடங்குக்குள் நுழைந்ததும் சைபுதீன் நாலு தடவை தும்மினார். மிளகு!

பின்பக்க மாடிப்படியில் ஒரு கான்ஸ்டபிளை நிறுத்திவிட்டுத்தான் வந்திருந்தார். கொலைகாரன் நிஜமோ இல்லையோ, வாசல் இரண்டு இருந்தால் ஆள் இரண்டு வேண்டும் என்பது அவர் கொள்கை.

மேஜை மேல் ஒரு ஜோடி பூட்ஸ்.

ஒரு பக்கம் வெங்கிடாசலம். வெள்ளைச் சட்டை, காலடியில் தோல் பெட்டி. எதிரே சங்கரலிங்கத்தின் மனைவி மீனாக்ஷி. அழவில்லை. பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மணல்மேட்டுல சுருண்டு விழுந்துட்டார் சார்..." வெங்கிடாசலம் கண்ணைத் துடைத்தார். "தண்ணி தீர்ந்து போச்சு. அங்கேயே புதைச்சாங்க. மறுநாள் காத்துல இடமே தெரியல. இந்த பூட்ஸ்தான் மிச்சம்."

"இடம் தெரியலையா?" மீனாக்ஷி நிமிர்ந்தாள். "அண்ணா, நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். அவரை எங்கே விட்டுட்டு வந்தீங்க?"

"சொன்னேனேம்மா... பாலைவனம்..."

ராவுத்தர் சைபுதீனைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"தம்பி, இது நம்ம செருப்புக்கடைப் பிச்சை தைச்ச பூட்ஸ். கிளம்புற அன்னிக்குத்தான் லிங்கம் வாங்கிக் காலில் போட்டான். இந்த ஒரு பயணம்தான் இதுக்குத் தெரியும்!"

"சரி."

"மோந்து பாருங்க."

சைபுதீன் முகர்ந்தார். முகம் சுளித்தார். "புகையிலை..."

"புகையிலை! கூட உப்பு! சுண்ணாம்பு! இந்த மூணையும் குழைச்சு எவன் பூட்ஸ்ல பூசுவான்? அட்டைப்பூச்சி காலில் ஏறி ரத்தம் குடிக்கக் கூடாதுன்னு, மழைக்காட்டுல நடக்கிறவன் பூசுவான்! ஜெய்சல்மேர்ல ஏது அட்டை? அங்கே கொசுவே ஒட்டகத்துக்கிட்ட தண்ணி கேட்டுத்தான் உயிர் வாழுது!"

"அண்ணே, உள்ளே மணல் இருக்கே?"

"நக்கிப் பார்த்தேன். இங்கே பக்கத்துல வைப்பின் தீவுக் கடற்கரை மணல்! ஒரு சிப்பி கூட இருந்துச்சு. என்னை ஏமாத்த முந்தாநாள் அள்ளிப் போட்டிருக்கான்!"

"பாலைவனத்துலயும் உப்பு மணல் உண்டு. உங்க மூக்கைச் சாட்சிக் கூண்டுல ஏத்த முடியாதண்ணே. வேற ஏதாவது...?"

"மூக்கு இன்னொண்ணும் சொல்லுது தம்பி. இதுல ஏலக்காய்க் காட்டு வாசனை. தேவிகுளம் பக்கம்! அங்கே எவ்வளவு பெரிய காடு... எந்தப் பள்ளத்துல கிடக்கானோ! இவன் கப்பல் ஏறிட்டா, போலீஸ் ஜெய்சல்மேர்ல மணலைச் சலிச்சுட்டு இருக்கும். லிங்கம் காட்டுல..."

பேச்சு நின்றுவிட்டது. ராவுத்தருக்குப் பேச்சு நிற்பதா? சைபுதீனுக்கு அதுதான் முதல் அதிர்ச்சி!

*

மணி பதினொன்று பதினைந்து.

வெங்கிடாசலம் எழுந்தார். "நான் கிளம்பணும் பாய். கப்பலுக்கு நேரமாச்சு."

"உட்காருங்க, உட்காருங்க! இன்னொரு சாயா குடிச்சுட்டுப் போகலாம்." ராவுத்தர் அவர் தோளை அழுத்தினார். "லிங்கம் நோட்டுப் புஸ்தகம் என்னாச்சு? பன்னிரண்டு வருஷமா எழுதினானே... அல்மோரா, வால்பாறை, பிகானீர்... எந்த ஊர்ல தங்கலாம், எங்கே தண்ணி, எந்தப் பக்கம் நடக்கலாம்னு..."

"அதுவும் மணல்ல போயிடுச்சு."

"முதல் பக்கம் எனக்கு மனப்பாடம்." மீனாக்ஷியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. "'அழகான ஊரைத் தேடாதே. அழகு எங்கேயும் கிடைக்கும். இருட்டுவதற்குள் திரும்பி வந்து சேர முடிகிற ஊரைத் தேடு.' எங்கே போனாலும் திரும்பி வந்துடுவார். பன்னிரண்டு வருஷம்... ஒரு தடவை கூடத் தவறினது இல்ல."

"வந்ததும் என்ன செய்வான்?" ராவுத்தர் மேலே பார்த்தார். "வீட்டுக்குப் போக மாட்டான்! நேரா இந்த மாடிக்குத்தான் ஏறுவான். படியிலேருந்து சுவர் மேப்புக்குப் பதினோரு அடி. எண்ணி நடப்பான். போன இடத்துல ஒரு சிவப்புக் குண்டூசி குத்துவான். அப்புறம்தான் கீழே வந்து சாயா கேப்பான்."

ராவுத்தர் மூன்று தடவை இருமினார்.

கக்... கக்... கக்...



பிறகு...

தொம்!

தலைக்கு மேலே பலகை அதிர்ந்தது.

தொம்... தொம்...

யாரோ நடக்கிறார்கள்! மெதுவாக. ஒரு காலை இழுத்து இழுத்து...

சைபுதீன் மனதுக்குள் சிரித்துக்கொண்டார். இருமல் சைகையா? கிழவர் ஆள் வைத்திருக்கிறார்!

நாலு... அஞ்சு... ஆறு...

உத்தரத்திலிருந்து சுண்ணாம்புத் தூள் பொலபொலவென்று உதிர்ந்தது. பூட்ஸ் மேல் விழுந்தது. வெங்கிடாசலம் கையில் சாயா கிளாஸோடு மேலே பார்த்தார்.

ஒன்பது... பத்து...

பதினொன்று.

டிக்!

சுவரில் ஏதோ குத்தும் சத்தம்.

கிளாஸ் விழுந்து சிதறியது!

"அவன்தான்!" வெங்கிடாசலம் அலறினார். "பூட்ஸைக் கேட்டு வந்திருக்கான்! குடுத்துடுங்க... மேலே எறிஞ்சுடுங்க!"

"யாரு வந்திருக்கா?" சைபுதீன் அவர் சட்டையைப் பிடித்தார். "ஜெய்சல்மேர்ல புதைச்ச ஆளா?"

"ஜெய்சல்மேர் போகவே இல்ல! கிளம்பறதுக்கு முன்னால ரெண்டு நாள் தேவிகுளம் பார்த்துட்டுப் போலாம்னு நான்தான் கூட்டிட்டுப் போனேன்... அட்டை கடிக்குதுன்னு பாறை மேல உட்கார்ந்து பூட்ஸைக் கழட்டினான்... கீழே பள்ளம்... பின்னால இருந்து..."

மீனாக்ஷி எழுந்து நின்றாள்.

சைபுதீன் தோல் பெட்டியைத் திறந்தார். மடித்த வேட்டிகளுக்கு அடியில் தடித்த நோட்டு. கூடவே கொழும்பிலிருந்து ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியின் கடிதம்... 'உங்கள் ஊர்க் கையேடு பிரமாதம். சுற்றுலாப் பிரிவுக்கு உடனே வந்து பொறுப்பேற்கவும்.' மேல் விலாசம் வெங்கிடாசலம்!

"எழுதினது அவரு... பேரு உங்களுதா?" மீனாக்ஷி ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "கேட்டிருந்தா குடுத்திருப்பாரேடா பாவி! எந்த இடம்? சொல்லு!"

"தெரியாதும்மா... மூடுபனி... ஏதோ ஒரு ஓடை..."

சைபுதீன் விலங்கை மாட்டினார். ராவுத்தரைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"சபாஷ் அண்ணே! மேலே நடந்த ஆளைக் கீழே கூப்பிடுங்க. ஒரு சாயா வாங்கித் தரேன்."

அப்போதுதான் முன்வாசல் கதவு படாரென்று திறந்தது!

மூச்சிரைக்க வந்து நின்றான் செருப்புத் தைக்கும் பிச்சை. கையில் ஒரு பழைய பூட்ஸ்.

"மன்னிச்சிருங்க மொதலாளி! எறணாகுளத்துல படகு லேட்டாயிட்டு... நீங்க மூணு இருமல் இருமியாச்சா? இப்ப மேல போயி நடக்கட்டுமா?"



ராவுத்தரின் முகம் சுக்குப் போலச் சுருங்கி வெளுத்தது. "நீ... நீ இப்பத்தான் வர்றியா?"

"ஆமா மொதலாளி. ஏன், வேற ஆளை வெச்சு நடத்திட்டீயளா?"

*

சைபுதீன் பின்பக்கம் ஓடினார்.

"ஆருடா மேலே போனது?"

"ஆரும் கேறியில்லா சாரே!" கான்ஸ்டபிள் விறைத்து நின்றான். "ஞான் இவிடெத்தன்னே உண்டு!"

மாடிப்படியில் தாவி ஏறினார்.

ஆள் இல்லை. ஜன்னல்கள் உள்தாழ் போட்டிருந்தன. சுக்குக்குச் சுண்ணாம்பு பூசும் இடம் அது. தரை முழுக்க வெள்ளைத் தூள்.

அந்தத் தூளில் ஈரக் காலடிகள்!

வெறுங்கால். படியிலிருந்து மேப்பை நோக்கிப் பதினொன்று. எண்ணினார். மறுபடி எண்ணினார்.

போன தடம் இருந்தது. திரும்பி வந்த தடம்... இல்லவே இல்லை!

மேப்பில், தேவிகுளத்துக்கு வடக்கே, நூல் மாதிரி ஓடிய ஒரு ஓடைக்கோட்டின் மேல், புத்தம் புதிய சிவப்புக் குண்டூசி.

கடைசித் தடத்தில் ஏதோ கறுப்பாக நெளிந்தது. சைபுதீன் முட்டி போட்டுக் குனிந்து பார்த்தார். அவசரமாக எழுந்தார். அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை.

*

குண்டூசி இருந்த இடத்தைச் சொல்லி, அதற்குப் பக்கத்தில் உள்ள எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு ட்ரங்க் கால் போட்டார். ஒரு மணிக்குத்தான் லைன் கிடைத்தது. பிணம் ஏதாவது கிடைத்ததா என்று கேட்கத்தான் வாயெடுத்தார்.

எதிர்முனை டாக்டர் தொண்டை கிழியக் கத்தினார்.

"பிணம் இல்லை சார், ஆளு! ஏலக்காய் பறிக்கிறவங்க ஓடைப் பள்ளத்துல இருந்து தூக்கிட்டு வந்தாங்க. பேரு ஊரு தெரியாது. ரெண்டு காலிலும் கட்டு. பதினாறு நாளா நினைவே இல்லை. இன்னிக்குத்தான் கண்ணைத் திறந்தார்!"

"எத்தனை மணிக்கு?"

"பதினொன்று இருபது. விசித்திரமான ஆளு சார்! காலை அசைக்கக் கூட முடியாது... ஆனா, 'ரொம்ப தூரம் நடந்துட்டேன், குண்டூசி குத்தியாச்சு, ஒரு சாயா குடுங்க'ன்னு கேக்கறார்!"

பக்கத்தில் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்த மீனாக்ஷி, பதினெட்டு நாளில் முதல் தடவையாக அழுதாள். அடுத்த நிமிஷமே கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆலுவாய் வழியாக மலைக்குப் போகும் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.

*

மாலை நாலு மணி. ஸ்டேஷன். சைபுதீன் ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருந்தார். எதிர் நாற்காலியில் கமாலுதீன் ராவுத்தர்.

"மாடிச் சத்தத்துக்கு என்ன எழுதினீங்க தம்பி?"

"'காற்றில் பலகை அடித்துக்கொண்டது.'"

"காத்துக்குப் பதினொன்று வரைக்கும் எண்ணத் தெரியுமா?"

"எலி."

"எலி குண்டூசி குத்துமா?"

"அண்ணே, செத்தவன் வந்தான்னு சொன்னாலாவது பேய்னு எழுதலாம். இங்கே ஆளு சாகவே இல்ல! உசுரோட கட்டில்ல கிடக்கிறவன் நூறு மைலுக்கு இந்தப் பக்கம் எப்படி நடப்பான்? நான் நம்ப மாட்டேன்!"

"நம்ப வேண்டாம்." ராவுத்தர் மூக்கை உறிஞ்சினார். கண்களில் பழைய குறும்பு திரும்பியிருந்தது. "ஆனா ஒண்ணு... உங்க பக்கம் ரத்த வாடை வீசுதே? வலது கால். முட்டிக்குக் கீழே நாலு விரக்கடை."

சைபுதீன் பேனாவை வைத்தார். வாசலைப் பார்த்தார். கதவைச் சாத்தினார்.

பிறகு மெதுவாக வலது கால் பேண்ட்டைச் சுருட்டினார்.

காலுறை முழுக்க ரத்தம். அதன் நடுவே, கட்டைவிரல் பருமனுக்கு வயிறு ஊதி, சுகமாகத் தொங்கிக்கொண்டிருந்தது... காட்டு அட்டை! மிளகும் சுண்ணாம்பும் கடலுப்பும் தவிர வேறெதுவும் இல்லாத மட்டாஞ்சேரியில்!

"தம்பி... இப்ப என்ன சொல்றீங்க?"

"வந்தாருண்ணே! சங்கரலிங்கம்தான் வந்தாரு... மாடியில நடந்தாரு... எல்லாம் நிஜம், ஒத்துக்கறேன்!" பல்லைக் கடித்தார் சைபுதீன். "முதல்ல அந்தப் புகையிலையைக் குடுங்க. இன்னொண்ணு முட்டிக்கு மேல ஏறிட்டிருக்கு!"