இருக்கை காலி இல்லை

செண்பகவல்லிக்கு ஏப்பம் வந்தது. அந்த ஏப்பம் அவளுடையது இல்லை.

பாளையங்கோட்டை மாற்றகத்தில் அவள் கண் திறந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நெற்றியில் ஒட்டியிருந்த உணர்தட்டைப் பணிப்பெண் இன்னும் கழற்றி முடிக்கவில்லை. காலையில் சுவிட்சர்லாந்தில் அவள் சாப்பிட்டது ரொட்டியும் தயிரும். அதுவும் அங்கே, வேறொரு வயிற்றில். இந்த வயிறு நான்கு நாட்களாகக் குளிர்பெட்டியில் சும்மா கிடந்திருக்க வேண்டும். சும்மா கிடந்த வயிறு சால்னா வாசத்தோடு ஏப்பம் விடுமா? நாக்கால் துழாவினாள். கடைவாய்ப் பல்லிடுக்கில் நார் போல ஏதோ நெருடியது. விரலை விட்டு இழுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். கறி.

முட்டை போட்ட கேக்கைக்கூட முகர்ந்து பார்த்து ஒதுக்கிய வாய் அது. படுக்கையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். வெளியே வந்த சாப்பாடும் தன்னுடையது இல்லை என்ற நினைப்பு வரவே, இன்னொரு முறை எடுத்தாள்.

விமானத்தில் பறப்பது மந்திரிகளுக்கும் மந்திரிகளின் மச்சினர்களுக்கும் மட்டும் என்று ஆகி வெகுகாலமாயிற்று. எரிபொருள் விற்ற விலையில் மற்றவர்கள் உடம்பை ஊரில் விட்டுவிட்டு நினைவை மட்டும் அனுப்பினார்கள். மாற்றகம் நினைவோட்டத்தை அலையாக்கி அனுப்பும். போய்ச் சேரும் ஊரில் ஆலையில் வார்த்த ஓர் ஏந்துடல் தயாராகக் காத்திருக்கும். அதற்குள் புகுந்து மலை ஏறலாம், கடலில் குளிக்கலாம், ஊர் சுற்றலாம். திரும்பி வந்தால் நம் உடம்பு நமக்கு. இப்படித்தான் செண்பகவல்லிக்குச் சொல்லியிருந்தார்கள்.

சொன்னவர் அவள் புருஷன் கோமதிநாயகம். தெருவில் அவருக்குப் பட்டப்பெயர் பெரும்புள்ளி. பணத்தால் வந்த பெயர் இல்லை, கடன் அட்டைப் புள்ளிகளால் வந்தது. குடும்பத்தோடு ஒரு பயணம் போகும் அளவுக்குப் புள்ளி சேர்க்க வேண்டுமென்று, மகள் உலகம்மை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததிலிருந்து மனிதர் வாங்கிக் குவித்தார். இரட்டைப் புள்ளி நாள் என்றால் வீட்டில் இருக்கும் மிக்சிக்குத் துணையாக இன்னொரு மிக்சி வரும். மழையே பெய்யாத ஊரில் பரண் நிறையக் குடைகள். மாமனார் செத்தபோது பிணவண்டிக்காரரிடம், "அட்டை எடுப்பியளா?" என்று கேட்டவர். செண்பகவல்லி அன்றைக்கு அழுகையை நிறுத்திவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்த அருவருப்பு அவளுக்கு இன்னும் போகவில்லை.

அவளுக்கு எதிலும் சுத்தம் வேண்டும். எச்சில் என்ற ஒரு சொல்லை வைத்துத்தான் அவள் உலகத்தையே பிரித்து வைத்திருந்தாள். தண்ணீரை அண்ணாந்துதான் குடிப்பாள். மகள் கடித்த கொய்யாவைக்கூட வாங்கித் தின்னமாட்டாள். வீட்டு டம்ளர்கள் சமையலறை அலமாரியில் இருந்தன. பின்வாசல் சுவர்மேல், அடியில் சிவப்புப் பெயின்ட் தீற்றிய ஒரு டம்ளர் தனியாகக் கவிழ்ந்து கிடந்தது. மாடியில் சூரியத்தகடு துடைக்க வரும் பேச்சித்தாய்க்கு அது. அவள் டம்ளரை நீட்ட, செண்பகவல்லி செம்பை உயரத் தூக்கி, விளிம்பு படாமல் ஊற்றுவாள். இதில் தவறு இருப்பதாக அவளுக்குத் தோன்றியதே இல்லை. சுத்தம் சுத்தம்தானே.

உலகம்மைக்குத் தை மாதம் கல்யாணம். "போறதுக்கு முன்னாடி மூணு பேரும் ஒரு தடவை சேந்து போயிட்டு வந்துருவோம்மா" என்று மகள் கேட்டபோது அவளால் மறுக்க முடியவில்லை.

புறப்பட்ட அன்று மாற்றகத்தின் பதிவுக்கருவி மூன்று பேரிடமும் தனித்தனியாக ஒரு கேள்வி கேட்டது. "பயணக் காலத்தில் உங்கள் இருக்கையைப் பிறருடன் பகிர்ந்துகொள்ளச் சம்மதமா?"

கோமதிநாயகம் முகம் மலர்ந்தார். பஸ்ஸில் கைக்குழந்தைக்காரிகளைக் கண்டால் எழுந்து நிற்கிற மனிதர். "தாராளமா. நாமதான் இல்லியே, யாராச்சும் உக்காந்துட்டுப் போட்டும்" என்றார். உலகம்மை தலையாட்டினாள். செண்பகவல்லி தான் உட்கார்ந்திருந்த சாய்வு நாற்காலியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். இதைத் தூக்கிக்கொண்டா போகப்போகிறோம் என்று நினைத்து, "உக்காந்துக்கிடட்டும்" என்றாள்.

பனிமலை அழகாகத்தான் இருந்தது. ஆனால் அவளுக்குக் கிடைத்த ஏந்துடல் ஒரு வெள்ளைக்கார அம்மாள் சாயலில் இருந்தது. உயரம் அதிகம், மூட்டெல்லாம் முறுக்கிக்கொண்டது. அண்ணாந்து தண்ணீர் குடித்தால் அந்தத் தொண்டைக்கு வாங்கத் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் மூக்கில் ஏறி, கழுத்து வழியாக இறங்கி நெஞ்செல்லாம் நனைந்தது. அந்தக் குளிரில் இரண்டாம் நாளே இருமல் பிடித்துக்கொண்டது. போனால் போகிறது, ஆலையில் வார்த்த உடம்புதானே, உரிமைக்காரர் யார் இருக்கிறார் என்று அவள் இருமிக்கொண்டே ஊர் சுற்றினாள். எடுத்த படங்களில் ஒரு கிழவர், ஒரு நெட்டைப் பெண்மணி, சுருட்டைத்தலைப் பெண் ஒருத்தி. மூன்று முகமும் வேற்று முகம். குடும்பப் படத்தில் குடும்பம் மட்டும் இல்லை.

இப்போது வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தவள், கூடத்தில் மற்ற இருவரையும் பார்த்தாள். கோமதிநாயகம் மேலுதட்டைத் தடவிக்கொண்டே நின்றார். முப்பது வருஷ மீசை. மழுங்கச் சிரைக்கப்பட்டிருந்தது. உலகம்மை இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கை நிறைய மருதாணி. யாரோ நிதானமாக உட்கார்ந்து, பூவும் கொடியுமாக வரைந்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"எம்மா, நல்லாத்தான் போட்டிருக்காங்க" என்றாள் மகள்.

"கையைக் கழுவுட்டி!" செண்பகவல்லியின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "தேய்ச்சுக் கழுவு! எவ கையோ என்ன எழவோ!"

புகார் மேசையில் இருந்த அதிகாரிக்கு இதெல்லாம் தினசரிக் காட்சி. நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"மேடம், இருக்கையைப் பகிர்ந்துக்கச் சம்மதம்னு சொல்லியிருக்கீங்களே?"

"நாற்காலியைத்தானய்யா சொன்னேன்!"

"நாற்காலியைப் பகிர்ந்து யாருக்கு மேடம் என்ன லாபம்? உயிர் இருக்கிற இடம் இருக்கை. உடம்புக்கு எங்க துறையில அதுதான் சொல். காசு குடுத்துப் போறவங்களுக்கு வார்ப்புடல் உண்டு. அவங்க சொந்த உடம்பும் குளிர்பெட்டியில பூட்டியிருக்கும். புள்ளியில போறவங்க ஒருத்தர் உடம்பை ஒருத்தர் மாத்திக்கறாங்க. அப்பத்தான கட்டுப்படியாகும்? இலவசம்னா அப்புறம் எது?"

"என் உடம்புல யாரு இருந்தா? அதையாவது சொல்லுங்க. ஆம்பளையா, பொம்பளையா? எங்கெல்லாம் போனா? என்னத்த எல்லாம் தின்னா?"

"பெண்தான் மேடம். அதுக்கு மேல சொல்ல விதியில்லை."

"நான் குடுத்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படித் திருப்பித் தாங்க எனக்கு" என்றாள் செண்பகவல்லி. கேட்பது என்ன என்று அவளுக்கே தெரிந்தது. குடலைக் கழற்றிக் கழுவித் தருவார்களா? அவமானத்தில் கண் கலங்கியது.

அதிகாரி திரையைத் திருப்பினார். "உங்க மேலயும் ஒரு புகார் வந்திருக்கு மேடம். அங்க நீங்க போட்டிருந்தீங்களே, அந்த உடம்புக்காரம்மா கொடுத்தது. அவங்களும் புள்ளிப் பயணிதான். திரும்பி வந்து பார்த்தா நெஞ்சு கட்டியிருக்காம், இருமல் நிக்கலையாம். சட்டையெல்லாம் ஈரமாம். முகத்துல என்னமோ மஞ்சள் கறையாம், போகலையாம். இவ்வளவு அசிங்கமா ஒருத்தி தன் உடம்புக்குள்ள இருந்திருக்காளேன்னு நினைச்சா குமட்டுதுன்னு எழுதியிருக்காங்க."

ஊரிலேயே சுத்தக்காரி என்று பேர் வாங்கியவளைப் பார்த்து, கண்காணாத சீமையில் ஒருத்தி குமட்டிக்கொண்டு நிற்கிறாள். செண்பகவல்லிக்குக் கஸ்தூரி மஞ்சள் பொட்டலம் நினைவுக்கு வந்தது. நினைவு மட்டும் போகிற பயணத்தில் பொட்டலம் எப்படிப் போகும் என்று கேட்ட புருஷனோடு சண்டை போட்டு, ஒரு மாதம் முன்பே அஞ்சலில் அனுப்பிவைத்து, அங்கே தினமும் பூசிக் குளித்திருந்தாள்.

"ரெண்டு புகாரும் ஒண்ணுக்கொண்ணு சரியாப் போச்சு" என்றார் அதிகாரி. "இருந்தாலும் உங்க மனவருத்தத்துக்காக மூணு பேர் கணக்குலயும் புள்ளி ஏத்திவிடறோம்."

கோமதிநாயகத்தின் கை மீசை இருந்த இடத்திலிருந்து இறங்கியது. கைக்கருவியைத் தட்டிப் பார்த்தார். கண் விரிந்தது. மனைவியின் காதருகே குனிந்து, "ஏளா, இன்னுங் கொஞ்சந்தான். ஆஸ்திரேலியாவுக்கு வந்துரும்" என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். மீசையில்லாத அந்த முகம் யாரோ ஒரு அந்நியன் முகமாகத் தெரிந்தது. இவனோடா இத்தனை வருஷம் ஒரே வீட்டில் கிடந்தேன் என்று இருந்தது. வெளியே நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் பல் துலக்கினாள். மறுபடியும் துலக்கினாள். ஈறில் ரத்தம் வந்த பிறகும் நிறுத்தவில்லை. வெந்நீர் போட்டுத் தோல் சிவக்கத் தேய்த்துக் குளித்தாள். குளித்து முடித்துச் சமையலறைக்கு வந்து டம்ளரை எடுத்தவள், அப்படியே நின்றாள். எத்தனை தேய்த்தாலும் தேய்க்கிற கையும் அந்தக் கைதானே. நான்கு நாளாக எவளோ உண்ட கை. அண்ணாந்து குடித்தாலும் தண்ணீர் இறங்கப்போவது எவளோ எச்சில்படுத்திய தொண்டைக்குள்.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. பேச்சித்தாய் தகடுகளைத் துடைத்துவிட்டு, துடைப்பானும் வாளியுமாக இறங்கி வந்தாள். வெயிலில் முகம் கருத்து வேர்த்திருந்தது.

"வந்துட்டியளாக்கா? ஊரெல்லாம் நல்லாருந்துச்சா?"

"ம்."

பேச்சித்தாய் வாளியை வைத்துவிட்டுத் தயங்கினாள். "ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கிட மாட்டியளே? வியாழக்கெழம சந்தைப்பக்கம் உங்களப் பாத்தேங்க்கா. பரோட்டாக் கடை வாசல்ல நின்னுக்கிட்டு, எலும்பைக் கடிச்சு உறிஞ்சிக்கிட்டு இருந்திய. அக்கா அக்கான்னு கூப்புட்டேன். யாரு நீங்கிற மாதிரி பாத்திய. அப்புறந்தான், அடடா, அக்கா ஊருல இல்லியே, இது வேற யாரோல்லான்னு வெளங்குச்சு." சிரித்துவிட்டு, சிரிக்கக்கூடாதோ என்று நிறுத்திக்கொண்டாள். "எங்க பக்கம் எல்லாருக்கும் தெரியும்க்கா. புள்ளியில போறவுக உடம்பு இப்படித்தான் ஊரு சுத்தும்."

"உனக்குத் தெரியுமா? நீ போயிருக்கியா?"

"எனக்கு எவன்க்கா அட்டை குடுப்பான்?" என்றாள் பேச்சித்தாய். "பொறந்ததுலருந்து இந்த ஒரே ஒடம்புலதான் கெடக்கேன்."

செண்பகவல்லிக்குச் சட்டென்று மனம் இளகியது. நான்கு நாளில் முதல்முறையாக ஒரு நல்ல காரியம் செய்ய வேண்டுமென்று தோன்றியது. அலமாரியிலிருந்து வீட்டு டம்ளர் ஒன்றை எடுத்து, நிறையத் தண்ணீர் மொண்டு, தன் கையாலேயே நீட்டினாள். இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

"இந்தா, குடி. வெயில்ல வந்திருக்க."

பேச்சித்தாய் டம்ளரைப் பார்த்தாள். கை நீளவில்லை. சங்கடத்தோடு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"தப்பா நெனைக்காதிய அக்கா. எனக்கு அந்தச் செவப்பு டம்ளர்லயே தாங்க." பின்வாசலைக் காட்டினாள். "அதுலன்னா உங்க வீட்டுல யாரும் வாய் வச்சதில்லல்லா."

அவளே போய்ச் சுவர்மேல் கவிழ்ந்து கிடந்த டம்ளரை எடுத்தாள். குழாயடியில் ஒருமுறை அலம்பினாள். படிக்குக் கீழே நின்று இரண்டு கையாலும் பிடித்து நீட்டினாள்.

"செம்பு படாம ஊத்துங்கக்கா" என்றாள் பணிவாக.

செண்பகவல்லி செம்பை உயரத் தூக்கினாள். இத்தனை வருஷப் பழக்கத்தில் கை சரியான உயரத்தில்தான் நின்றது.