தாழிட்ட கழிவறையில் நழுவிய மூட்டு

ஞாயிறு, காலை 11.20. இந்தோனேசியாவின் சோலோ நகரில் பாக் ஹர்கோனோவின் வீடு. தங்கை வெனிங்கைப் பெண் கேட்டு வந்தவர்கள் கூடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பின்பக்கக் கழிவறையிலிருந்து ஓர் அலறல்.

கதவு உள்ளே தாழிட்டிருந்தது. ஹர்கோனோ தோளால் இடித்துத் திறந்தார். அவருடைய தாய் இபு சுமார்னி ஈரத்தரையில் கிடந்தார். ஐந்து வாரத்துக்கு முன் மாற்றிய இடுப்பு மூட்டு கழன்று, வலது கால் உட்பக்கம் திரும்பியிருந்தது.

1.30. மருத்துவமனை.

"கழிவறை நாற்காலியில இருந்து எந்திரிச்சேன். படக்குன்னு நழுவிடுச்சு" என்றார் சுமார்னி, சுவரைப் பார்த்தபடி.

கழல்வது இது இரண்டாம் முறை. டாக்டர் விபிசானா உதட்டைப் பிதுக்கினார். "அவ்வளவு உயரமான நாற்காலியில இருந்து எந்திரிச்சதுக்கே கழண்டா, மூட்டுதான் சரியில்ல. நாளைக்கே திறந்து மாத்திடலாம்."

நானூறு மாணவர்களின் தலைமையாசிரியர் ஹர்கோனோ. மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

இயன்முறை சிகிச்சையாளர் ரத்ரிக்கு மனம் ஒப்பவில்லை. "எக்ஸ்ரே படத்துல மூட்டுக் கிண்ணம் சரியாத்தானே உக்காந்திருக்கு டாக்டர்? அவங்களுக்குச் சர்க்கரை வேற. போன ஆபரேஷன் புண்ணே இன்னும் சரியா ஆறல."

"அந்தம்மா பொய்யா சொல்லப்போறாங்க?"

2.50. ரத்ரி ஹர்கோனோவின் வீட்டில் இருந்தாள். குந்தி உட்காரும் கழிவறை. அதன் மேல், நடுவில் ஓட்டை போட்ட உயரமான நாற்காலி. முதல் முறை கழன்றபோது அவளே ஏற்பாடு செய்து கொடுத்தது. தரையில் இன்னும் தண்ணீர் தேங்கியிருந்தது. பிளாஸ்டிக் சொம்பு கவிழ்ந்து கிடந்தது.

நாற்காலியைப் புரட்டிப் பார்த்தாள். கால்களின் ரப்பர் மூடிகளைச் சுற்றிலும் செம்மண் அப்பியிருந்தது. அடிவிளிம்பு மட்டும் நனைந்திருந்தது.

"அம்மாகூட ஆம்புலன்சுல யாரு வந்தது?"

"நான்தான் அக்கா" என்றாள், அம்மாவுக்குத் துணி எடுக்க வீடு திரும்பியிருந்த வெனிங். "அண்ணன் வந்தவங்கள அனுப்பி வெச்சுட்டு அப்புறமா வந்தாரு."

"காலையில இது எங்க இருந்துச்சு?"

"நான் அலங்காரம் பண்ணிட்டிருந்தேன். கவனிக்கல."

ரத்ரி கொல்லைப்பக்கம் போனாள். கோழிக்கூண்டுக்குப் பின்னால், மண்ணில் நான்கு வட்டத் தடங்கள்.

4.15. மருத்துவமனை நடைபாதை. ஹர்கோனோவும் டாக்டரும் நின்றிருந்தார்கள்.

"டாக்டர், மூட்டு மேல தப்பில்ல. அம்மா விழுந்தப்போ அங்க நாற்காலியே இல்ல."

"அங்கதான் இருந்தது" என்றார் ஹர்கோனோ.

"தினமும் தண்ணி ஊத்துற இடம் பாக் ஹர்கோனோ. அங்கேயே இருந்திருந்தா கால்ல செம்மண் எப்படி ஒட்டியிருக்கும்? கோழிக்கூண்டுக்குப் பின்னாடி இருந்ததை யாரோ கொண்டுவந்து வெச்சிருக்காங்க. அம்மா விழுந்ததுக்கு அப்புறம். வாக்கர் பிடிச்சு நடக்கிற அம்மாவால தூக்க முடியாது. வெனிங் ஆம்புலன்சுல இருந்தா. வீட்டுல மிச்சம் இருந்தது நீங்க ஒருத்தர்தான்."

டாக்டர் மெல்லத் திரும்பினார்.

"பெரிய இடம்" என்றார் ஹர்கோனோ. "அவங்க யாராவது அந்தப் பக்கம் போனா, அது கண்ணுல படுமேன்னு... ஒரு மணி நேரந்தானேன்னு நெனச்சேன். அம்மா போகமாட்டாங்கன்னு நெனச்சேன்."

"அம்மா போனாங்க. நாற்காலியைக் காணோம். விருந்தாளிங்க முன்னாடி உங்களக் கூப்பிட்டுக் கேக்க கூச்சம். குந்தி உக்காந்தாங்க. அப்படி உக்காந்தா எவ்வளவு நல்லா வெச்ச மூட்டும் கழண்டுடும். உங்க மானம் போகக்கூடாதுன்னு எந்திரிச்சப்போ கழண்டதா சொல்லிட்டாங்க. அதைக் கேட்டுக்கிட்டு நீங்க அவங்களக் கத்திக்குக் கீழ படுக்க வெக்கக் கையெழுத்துப் போட்டீங்க."

ஹர்கோனோ சுவரில் சாய்ந்தார். டாக்டரும் தலையைக் குனிந்துகொண்டார். படத்தை மூன்று தடவை பார்த்தவர், அந்தக் கழிவறையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

5.00. மயக்கம் கொடுத்து, கத்தி படாமல் மூட்டைத் திரும்பப் பொருத்தினார்கள். அறுவை சிகிச்சை ரத்தானது.

கண் விழித்ததும் சுமார்னி மகனைத் தேடினார். "அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லிடாதப்பா. வெனிங் பாவம்."

ஹர்கோனோ அம்மாவின் கட்டிலருகிலேயே நின்று பெண் கேட்டு வந்த வீட்டுக்குப் போன் செய்தார். நாற்காலியை ஒளித்ததையும், அம்மாவின் பொய்யில் தான் ஒளிந்துகொண்டதையும் சொன்னார்.

மறுமுனையில் மாப்பிள்ளையின் தாய் தாழ்ந்த குரலில் கேட்டார். "அந்த நாற்காலி எங்க கிடைக்கும்? எங்க மாமனாருக்கும் போன வருஷம் இடுப்பு மாத்தினது. வெளிய கேக்க வெக்கமா இருந்துச்சு."

ஹர்கோனோ போனை ரத்ரியிடம் நீட்டிவிட்டு, அம்மாவின் காலடியில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார்.