கல்பாக் தொப்பியும் ஒரே ஒரு பிலிமும்

ஆட்டுக் கொழுப்பை எதற்கு வேண்டுமானாலும் பூசலாம் என்பது தாலாய் மாமாவின் நம்பிக்கை. சேணத்துக்குப் பூசுவார், பூட்ஸுக்குப் பூசுவார், கீச்சிடும் கதவுக்கும் பூசுவார். இன்று காலை, படம் பிடிக்கும் தன் அக்காவுக்கு உதவுகிறேன் பேர்வழி என்று, அவளுடைய பெரிய மரக் கேமராவுக்கும் பூசிவிட்டார்.

நரீன் மலைநாட்டுக் குளிரில் கொழுப்பு கல்லாக உறைந்துவிட்டது. லென்ஸுக்குள் திறந்து மூடும் ஷட்டர் அசையவே இல்லை.

“லேசா இறுகியிருந்துச்சேன்னு…” என்று மாமா தலையைச் சொறிந்தார்.

“இப்ப நல்லா இளகிடுச்சா?” என்றாள் அவருடைய அக்கா, பெர்மெத்தின் அம்மா. முட்டிக்கொண்டு வந்த அழுகையை அடக்கிக்கொண்டாள்.

பத்து வயது பெர்மெத்துக்கு அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மதியம் ராணுவ லாரி வந்து, படையில் சேரப்போகும் அண்ணன் உலானை ஏற்றிக்கொண்டு போய்விடும். ஊரையே படம் பிடிக்கும் அம்மாவிடம் வளர்ந்த மகனின் நல்ல படம் ஒன்றுகூட இல்லை. கேமரா முன்னால் நின்றாலே உலானுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும், ஆடிவிடுவான். இருப்பதோ ஒரே ஒரு பிலிம்.

பெர்மெத் இருட்டறைக்கு ஓடினாள். படங்களைப் பெரிதாக்கும் கருவியிலிருந்து லென்ஸைக் கழற்றி வந்தாள்.

“அம்மா, இதை மாட்டிப் பாப்போமா?”

“அது தாள்ல படம் போடுற லென்ஸுடி. கேமராவுக்குச் சரிப்படாது.”

“மாட்டியே பாக்காம சொன்னா எப்படிம்மா?”

பூட்ஸ் டப்பா அட்டையில் வட்டமாக வெட்டி, லென்ஸைச் செருகி, கறுப்பு நாடா ஒட்டி, பழைய லென்ஸ் இருந்த இடத்தில் பொருத்தினாள். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, கேமராவின் பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். முற்றத்தில் நின்ற உலான் அதில் தலைகீழாக, மங்கலாகத் தெரிந்தான். அம்மா லென்ஸை மெல்ல முன்னால் நகர்த்தினாள். அண்ணனின் காதோர மச்சம்கூடப் பளிச்சென்று தெரிந்தது.

“அட, தெரியுதே!” என்று துணிக்குள் எட்டிப் பார்த்த அம்மாவின் முகம் உடனே வாடியது. “இதுல ஷட்டர் கிடையாதே. எப்படித் திறந்து மூடுறது?”

பெர்மெத் அண்ணனின் வெள்ளைக் கல்பாக் தொப்பியைப் பறித்தாள். கெட்டியான கம்பளித் தொப்பி அது. லென்ஸின் மேல் கவிழ்த்தாள்.

“எடுத்தா திறந்தாச்சு. போட்டா மூடியாச்சு!”

“அப்படின்னா மூணு எண்ணுற வரைக்கும் திறந்து வைக்கணும். அதுவரைக்கும் இவன் அசையாம நிப்பானா?”

“நிப்பேன்” என்றான் உலான். சொல்லும்போதே சிரித்துவிட்டான்.

தூரத்தில் லாரி ஹாரன் கேட்டது. அம்மா அவசரமாக ரொட்டியை எடுத்து வந்தாள். ஊர் வழக்கப்படி, பயணம் போகிறவர் ஒரு வாய் கடிக்க வேண்டும். மீதி, அவர் திரும்பும்வரை சுவரில் தொங்கும். ரொட்டியைப் பார்த்ததும் பெர்மெத்துக்குப் பொறி தட்டியது.

“அண்ணா, கடி! ஆனா விடாதே. பல்லால பிடிச்சுக்கிட்டே நில்லு!”

உலான் கதவில் சாய்ந்து ரொட்டியைக் கவ்வினான். வாய் நிறைய ரொட்டி இருந்தால் எப்படிச் சிரிப்பது? அம்மா பிலிமைச் செருகினாள். பெர்மெத் தொப்பியைத் தூக்கினாள்.

“ஒண்ணு… ரெண்டு… மூணு!”

தொப்பி மறுபடி மூடியது. லாரியில் ஏறிய உலான், “தொப்பி உங்கிட்டயே இருக்கட்டும். அங்க வேற தருவாங்க!” என்று கத்தினான்.

பிலிமைக் கழுவிக் காயவைத்ததும், அதே லென்ஸ் இருட்டறைக்குத் திரும்பிப் போனது. தொட்டியின் மருந்துத் தண்ணீரில் கிடந்த தாளில் முதலில் காது வந்தது. பிறகு கண்கள், பிறகு ரொட்டி. துளிகூட ஆடவில்லை.

“அப்பாடா!” என்று அம்மா முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பெர்மெத்துக்கும் அப்போதுதான் மூச்சே வந்தது.

ரொட்டி தொங்கிய ஆணிக்குப் பக்கத்திலேயே படத்தை மாட்டினார்கள். மாமா ஆணியை உற்றுப் பார்த்தார்.

“இது துருப்பிடிச்சிருக்கே. லேசாக் கொழுப்பு…”

பெர்மெத் கல்பாக்கை அவர் முகத்தின் மேல் கவிழ்த்தாள்.

“மூடியாச்சு!”

அன்று முழுவதும் அழாமல் சமாளித்த அம்மா, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.