கருகிய கதவு

பிரெஸ்கொட் துரை ஆபிரிக்காவில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருடம் வெள்ளவத்தைக் கடற்கரையில் வீடெடுத்தபோது, ஆபிரிக்காவிலிருந்து ஒரு பழைய கதவையும் கப்பலில் கொண்டுவந்தார். அதைப் படுக்கையறைக்குப் பொருத்த வந்தவன் கொட்டாஞ்சேனைத் தச்சன் ஹியூபேட். அவன் மனைவி புளோறன்ஸ் அந்த வீட்டில்தான் சமைத்தாள்.

கதவின் உட்பக்கம் கருகியிருந்தது. கருகலின் மேல் நகக் கீறல்கள். முழங்கால் உயரத்தில் இன்னும் சின்னக் கீறல்கள்.

குடிசை வரி கட்டாத ஓர் ஊரைப் பற்றித் துரை விருந்தாளிகளுக்குச் சொல்லிச் சிரித்தார். அவரும் ஆட்களும் ஒரு குடும்பத்தைக் குடிசைக்குள் விட்டு, வெளியே தாழ்ப்பாள் போட்டு, கூரைக்குத் தீ வைத்தார்களாம். கூரை போனது, ஆட்கள் போனார்கள், வைரம் பாய்ந்த இந்தக் கதவு மட்டும் மிஞ்சியதாம். பரிமாறிக்கொண்டு நின்ற புளோறன்ஸ், கட்டையில போவான் என்று மனதுக்குள் திட்டினாள்.

ஹியூபேட் கீறல்களைச் சீவித் தள்ளினான். மறுநாள் அவை திரும்பவும் இருந்தன. வேலைக்கள்ளன் என்று துரை அவனை ஏசினார். மழை இருட்டிய ஒரு பின்னேரம், தன் கண்முன்னாலேயே சீவச் சொல்லி அவனை அறைக்குள் கூட்டிப்போனார்.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

சத்தம் கேட்டுப் புளோறன்ஸ் ஓடிவந்தாள். ஹியூபேட் உட்பக்கம் மட்டுமே தாழ்ப்பாள் பொருத்தியிருந்தான். இப்போது வெளியேயும் ஒன்று இருந்தது, துருவேறிய இரும்பு. கதவின் அடியால் புகை வந்தது. கூரைக் கிடுகு எரிகிற மணம். அதற்குள் மயிர் பொசுங்குகிற நாற்றம்.

"புளோறன்ஸ், மூச்சு விடேலாமக் கிடக்கு," என்று உள்ளே ஹியூபேட் இருமினான்.

தாழ்ப்பாளைப் பிடித்தாள். உள்ளங்கை வெந்தது. அது அசையவில்லை.

இன்னொரு கை அதை அழுத்திக்கொண்டிருந்தது.

கரிந்த கை. மணிக்கட்டில் செம்பு வளையல்.

"அக்கா," என்று முணுமுணுத்தாள். "உள்ளுக்கு நிக்கிறது என்ர மனுசன். அவர் உங்களுக்கு ஒண்டும் செய்யேல்லை."

கை விலகியது. கதவு கொஞ்சம் திறந்தது. ஹியூபேட் தவழ்ந்து வெளியே விழுந்ததும் திரும்பச் சாத்திக்கொண்டது.

உள்ளேயிருந்து துரை தட்டினார். அவளைப் பெயர் சொல்லி அவர் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. இரும்பு இப்போது குளிர்ந்திருந்தது. இழுத்தால் வந்துவிடும்.

அவள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

தட்டல் மெல்ல மெல்லக் கீறலாக மாறியது. பிறகு அதுவும் நின்றது.

துரை புகையில் மூச்சடைத்துச் செத்தார் என்றார் டொக்டர். அறையிலோ ஒரு நூல்கூட எரிந்திருக்கவில்லை. வெளித் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஆணித்துளையும் இல்லை.

சாமான்கள் ஏலத்தில் போயின. கதவை எடுத்தவர் கொள்ளுப்பிட்டியில் இருந்த இன்னொரு துரை. அந்த ஊருக்குத் தீ வைக்கப் போனவர்களில் தானும் ஒருவன் என்று அவரே பெருமையடித்துக்கொண்டார். கதவைப் பொருத்த ஹியூபேட்டுக்கு ஆள் அனுப்பினார்.

"நான் போகமாட்டன்," என்றான் ஹியூபேட்.

கைப்புண்ணுக்கு மருந்து பூசிக்கொண்டிருந்த புளோறன்ஸ் நிமிர்ந்தாள்.

"போங்கோ. வடிவாப் பூட்டிக் குடுங்கோ."

அவன் போனான். கதவுப் பிணைச்சலை இறுக்கி முடித்தபோது புதிய துரை பார்க்க வந்தார். யாரும் தொடாமலே கதவு மெல்லத் திறந்து அவருக்கு வழிவிட்டது.