மச்சான் பிடித்த கயிறு

கயிறு இன்றைக்கும் நனைந்திருந்தது.

முன்னறைச் சுவரில் மாட்டி மழைக்காலமே கழிந்துவிட்டது. ஆனாலும் நுனியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அல்போன்சா துணியால் துடைத்தாள். பாசியும் அழுகிய சிப்பியும் கலந்த வாடை விரலில் ஒட்டிக்கொண்டது. தங்க வந்திருந்த சென்னைக்காரர்கள் மணல்மேட்டுக் கோயிலைப் பார்க்கப் போயிருந்தார்கள். வெயில் சாய்ந்த வீட்டில் அந்தச் சொட்டும் சத்தம்தான்.

காலையில் அவர்களுக்கு அண்ணன் கிளாட்வின் இந்தக் கயிற்றைக் காட்டிக் கதை சொன்னான். அந்தக் காலத்தில் முத்துக்குளிக்க இறங்குகிறவன் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பானாம். தங்கச்சி தாலியறுக்க எந்த அண்ணன் சம்மதிப்பான்? கேட்டவர்கள் உருகிப்போய்ப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அவள் புருஷன் பெனிஸ்டனும் சங்கு குளிக்கப் போனபோது அப்படி நம்பித்தான் இதை அண்ணன் கையில் கொடுத்தான். மேலே வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. கயிறு அசையவே இல்லையென்று அண்ணன் மாதா மேல் சத்தியம் செய்தான். வீட்டை விடுதியாக்கப் பெனிஸ்டன் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. துக்கம் ஆறுமுன்னே அண்ணன் வாசலில் பெயர்ப்பலகை மாட்டினான். அப்போதும் நம்பினாள், பைத்தியக்காரி.

கையிலிருந்த கயிறு இழுபட்டது.

நுனியைத் தேடினாள். காலடியில் இல்லை. வாசற்படி தாண்டி, மணலில் இறங்கி, அலைக்குள் போயிருந்தது. மறுபடி இழுப்பு. ரெண்டு சின்னது. ஒன்று நீளம். 'தூக்கு' என்று பெனிஸ்டன் கொடுக்கும் அடையாளம். கல்யாணமான புதிதில் அவள் முந்தானையையும் அப்படி இழுத்துத்தான் கூப்பிடுவான்.

அடுக்களை வாசலில் அண்ணன் நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை.

“ஏளா, விட்டுரு,” என்றான். “பாவம் பாக்காத. அன்னைக்கும் இப்படித்தான் இழுத்துக்கிட்டே கெடந்தான்.”

கூடப்பிறந்தவன். மத்தியானம்கூட மீனில் பெரிய துண்டை இவனுக்குத்தானே வைத்தாள்.

ஆணியிலிருந்து கயிற்றைக் கழற்றி அவன் கையில் வைத்தாள்.

“பிடிண்ணே. ஒன்ன நம்பித்தான குடுத்தாவ.”

உதறினான். விரல் விரியவில்லை. கயிறு விறைத்தது. படி. மணல். நுரை. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். பிறகு அலைச் சத்தம் மட்டும்.

அல்போன்சா படியில் உட்கார்ந்து கடலையே பார்த்தாள். முதுகுக்குப் பின்னால், வீட்டுக்குள், மறுபடி தண்ணீர் சொட்டியது. பாசி வாடை.

ஈரமான ஒரு கை அவள் முந்தானையைப் பற்றியது.

ரெண்டு சின்னது.

ஒன்று நீளம்.