எண்பத்தெட்டுக் கட்டையும் ஒரு வயிற்றெரிச்சலும்

"ஐயோ... கொன்னுட்டாங்க! பாஃபோவைக் கொன்னுட்டாங்க!"

நா டெடேயின் அலறல் டெஷி ஊர்க் கடற்கரை வரைக்கும் கேட்டது.

சபைப் பாடகர் குழுவில் அவள்தான் முதல் குரல். பாட்டில் அவளுக்கு எட்டாத உச்சி, அன்றைக்கு அலறலில் எட்டிவிட்டது.

சனிக்கிழமை. மாலை மூன்றே முக்கால். நான்கு மணி ஒத்திகைக்கு முதல் ஆளாக வந்தவள், கதவருகிலேயே உறைந்து நின்றாள்.

மேடையில் குப்புறக் கிடந்தான் பாஃபோ. சபையின் கீபோர்டு வாத்தியக்காரன். இருபத்தாறு வயது. பின்மண்டையில் ரத்தம்! பக்கத்தில் வளைந்துபோன இரும்பு மைக் ஸ்டாண்ட். அவன் கையில் இலையில் கட்டிய வாச்சே, பயறு போட்ட சோறு... இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

அவன் தலைமாட்டில் நின்றது அந்தப் புதுக் கீபோர்டு. புது என்றால் சபைக்குத்தான் புது. ஐரோப்பாவில் எவனோ வாசித்துச் சலித்து, கண்டெய்னரில் டெமா துறைமுகத்துக்கு வந்த பழைய சரக்கு. ஆனால் எண்பத்தெட்டுக் கட்டை! ஒவ்வொன்றும் கனம் வைத்த கட்டை. நிஜப் பியானோ மாதிரியே விரலை எதிர்த்து நிற்கும். டெஷியிலேயே இப்படி ஒன்று வேறு எந்தச் சபையிலும் இல்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. பின்னாலேயே இன்ஸ்பெக்டர் எஸினம் வந்தாள். நாற்பது வயது. வறுத்த வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டே கொலை விசாரிக்கிற ரகம்.

"மூச்சு இருக்கு மேடம். ஆனா கண் முழிப்பானான்னு சொல்ல முடியாது," என்றார் ஆம்புலன்ஸ்காரர்.

"முழிக்கலேன்னா கொலைக் கேஸு. யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

நா டெடே யோசிக்கவே இல்லை.

"லார்ட்டே! வேற யாரு? கொஞ்ச நேரம் முன்னாடி நான் இந்தப் பக்கமாப் போனப்போ கேட்டுலேர்ந்து வெளியே ஓடினான் மேடம்!"

பத்தே நிமிடம். டெஷி மார்க்கெட்டில் செல்போன் ரிப்பேர் செய்துகொண்டிருந்த லார்ட்டேயை விலங்கோடு கொண்டுவந்து நிறுத்தினார்கள். சபையின் இரண்டாவது வாத்தியக்காரன். பாஃபோவுக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் வாசிக்கிறவன். பாஃபோவுக்குக் காய்ச்சலே வருவதில்லை என்பது அவனுடைய நீண்ட நாள் குறை.

அதற்குள் பாடகர் குழுவின் தலைவர் ஓடோயும் வந்து சேர்ந்தார். அறுபது வயது. பளபளக்கும் ஷூ. ஊரெல்லாம் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். பாஃபோவுக்கும் லார்ட்டேக்கும் குருவே அவர்தான்.

"படுபாவி! கூடப் படிச்சவனையே அடிச்சிட்டியேடா!" என்று கத்தினார் மாஸ்டர்.

"நான் அடிக்கல மாஸ்டர்!"

"போன ஞாயித்துக்கிழமை நீ என்ன சபிச்சே? 'அந்தக் கட்டை மேல வெக்கிற விரல் ஒடியட்டும்'னு... ஆராதனை நடக்கிற எடத்துல நின்னு... சொன்னியா இல்லையா?"

"சொன்னேன்! ஆமா, சொன்னேன்!" லார்ட்டேயின் குரல் உடைந்தது. "ஏன்னா அது என் கீபோர்டு மேடம்!"

எஸினம் கடலையை நிறுத்தினாள்.

"உன்னுதா?"

"டெமாவுல மொதல்ல பார்த்தது நான். எண்பத்தெட்டுக் கட்டையையும் ஒவ்வொண்ணா அழுத்திப் பார்த்தது நான். ஒரு கட்டைகூட ஊமை இல்ல! 'திங்கக்கிழமை காசோட வர்றேன், எடுத்து வைங்க'ன்னு வியாபாரிகிட்ட சொல்லிட்டு வந்தேன். சந்தோஷம் தாங்காம இந்தப் பாஃபோகிட்ட வாயை விட்டேன். அவன் சனிக்கிழமையே போய்த் தன் காசுல வாங்கி இங்கே கொண்டுவந்து வெச்சுட்டான்! எனக்கு வயிறு எரியாதா மேடம்? ராத்திரியில தூக்கம் வரல. சோறு எறங்கல. அது ரிப்பேர் ஆகணும்னு உபவாசம்கூட இருந்தேன்!"

"அடப்பாவி! உபவாசமா?"

"மூணு நாள்!"

எஸினத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"இன்னிக்கு இங்கே ஏன் வந்தே?"

"ஜன்னல் வழியா ஒரு தடவை அதைப் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன். உள்ளே வாசிப்புச் சத்தம் கேட்டுது. பாஃபோதான் வாசிக்கிறான்னு நெனச்சேன். பொறாமையில கேட்டுட்டு நிக்க முடியல. ஓடிட்டேன்."

"நல்லா இருக்கு கதை! எல்லாம் பொய்!" என்றார் மாஸ்டர். "இழுத்துட்டுப் போங்க மேடம். நாளைக்கு ஆராதனை இருக்கு. நான் நம்ம பழைய கீபோர்டை எடுத்து வெக்கணும்."

கான்ஸ்டபிள் லார்ட்டேயின் தோளைப் பிடித்து இழுத்தார். அவ்வளவுதான்... பாஃபோ கண் விழிக்காவிட்டால் ஆயுள் முழுக்கச் சிறை. லார்ட்டே போகிற போக்கில் அந்தப் பாழாய்ப்போன கீபோர்டைக் கடைசியாக ஒரு தடவை ஆசையோடு பார்த்தான்.

பார்த்தவன் நின்றுவிட்டான்!

கீபோர்டை யாரும் அணைக்கவில்லை. அதன் அகலமான திரையில் கொட்டை எழுத்து ஆரஞ்சு நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது. ட்ரான்ஸ்போஸ். மைனஸ் மூன்று.

"மேடம்! இதைக் கடைசியா வாசிச்சது பாஃபோ இல்ல!"

"எப்படிச் சொல்றே?"

"அது திருட்டுப் பட்டன் மேடம். ஒரே ஒரு சுருதி மட்டும் பழகினவங்க அழுத்துறது. அவங்க பாட்டுக்குத் தெரிஞ்ச கட்டையில வாசிப்பாங்க, மெஷினே வேற சுருதிக்கு ஏத்தி எறக்கிக் குடுத்துடும். பாஃபோ அதைத் தொடவே மாட்டான். பன்னெண்டு சுருதியிலயும் பூந்து வெளையாடுவான் படுபாவி. எனக்கு அதுதான் மேடம் மொத வயித்தெரிச்சலே!"

"நீ?"

"அதைத் தொட்டா மாஸ்டர் பிரம்பால வெளுப்பார். 'சாத்தானோட பட்டன்'னு சொல்லித்தான் எங்களை வளர்த்தார்."

எஸினம் வாச்சே பொட்டலத்தைப் பார்த்தாள். பாஃபோ சாப்பாடு வாங்கப் போயிருக்கிறான். அந்த நேரத்தில் எவனோ உள்ளே வந்து வாசித்திருக்கிறான். பாஃபோ திரும்பி வந்து பார்த்துவிட்டான்...

"வெலங்கைக் கழட்டுங்க," என்றாள்.

ட்ரான்ஸ்போஸைப் பூஜ்யமாக்கினாள். தன் கைக்குட்டையைப் பட்டன்கள் மேல் போர்த்தினாள். நா டெடே பக்கம் திரும்பி, "கஷ்டமான சுருதியா ஒண்ணு எடுத்துப் பாடும்மா," என்றாள்.

நா டெடே பாடினாள். லார்ட்டே கீபோர்டில் உட்கார்ந்து துரத்திப் பிடித்தான். அவள் சுருதியை மாற்றினாள். அவனும் மாற்றினான். ஏழு சுருதி ஆயிற்று. கனத்த கட்டைகள் அவன் விரலுக்கு அடியில் இறங்கி ஏறின. அவன் கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"போதும்பா, நிறுத்து."

"இன்னும் ஒரே ஒரு பாட்டு மேடம்..."

"நீ கைதி. எந்திரி!"

எழுந்தான், மனசே இல்லாமல்.

"மாஸ்டர், நீங்க வாங்க," என்றாள் எஸினம்.

"நானா? நான் குரு! என்னையே சோதிக்கிறீங்களா?"

"ஒரு பாட்டு. ஒரு நிமிஷம். அதுக்கப்புறம் வீட்டுக்குப் போகலாம்."

ஓடோய் உட்கார்ந்தார். நா டெடே பாட ஆரம்பித்தாள். மாஸ்டரின் இடது கை, அவரைக் கேட்காமலேயே, கைக்குட்டைக்கு அடியில் போய் எதையோ தேடியது. எஸினம் அந்தக் கையை அப்படியே பிடித்துக்கொண்டாள்.

"என்ன தேடறீங்க மாஸ்டர்?"

மாஸ்டர் கையை விடுவிக்கப் பார்த்தார்.

நா டெடே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அட கடவுளே! ஒத்திகைக்கு இவர் வாசிக்கிற நம்ம பழைய கீபோர்டோட ஸ்கிரீன் செத்துப் போய்ப் பதினோரு வருஷமாச்சு மேடம். ரிப்பேர் பண்றேன்னு இந்த லார்ட்டே நூறு தடவை கேட்டான். 'ஆராதனைக்கு வெளிச்சம் எதுக்கு'ன்னு இவர்தான் தடுத்துட்டார்!"

"வெளிச்சம் வந்தா ரகசியம் தெரிஞ்சுடுமே!" என்றாள் எஸினம். "இந்த மெஷின்ல ஸ்கிரீன் பத்தாவது வரிசைக்கும் தெரியும். அப்படித்தானே மாஸ்டர்?"

ஓடோய் பொலபொலவென்று உடைந்தார்.

"சொல்லிக் குடுக்க வாய் போதும்மா. வாசிக்க விரல் வேணும். எனக்கு ஒரே ஒரு சுருதிதான் வந்துது! பசங்களுக்குப் பன்னெண்டும் வந்துடுச்சு. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அந்தப் பய வாசிக்கும்போது உள்ளே எரியும்... இன்னிக்கு யாரும் இல்லாதப்போ தொட்டுப் பார்க்கலாம்னு வந்தேன். அவன் சாப்பாட்டோட வந்து ஸ்கிரீனைப் பார்த்துட்டான். சிரிச்சான். 'மாஸ்டர், நீங்களுமா'ன்னு சிரிச்சான். ஊர் பூரா சொல்லுவான்னு..."

"அடிச்சிட்டீங்க."

ஆமாம் என்று தலையை ஆட்டினார். விலங்கு கை மாறியது.

சாட்சிக்கு மைக் ஸ்டாண்ட் மட்டும் போதும் என்று எஸினம் சொல்லிவிட்டாள். கீபோர்டு சபையிலேயே இருந்தது.

புதன்கிழமை. ஆஸ்பத்திரி.

தலையில் பெரிய கட்டோடு பாஃபோ சாய்ந்து உட்கார்ந்திருந்தான். லார்ட்டே ஆரஞ்சுப் பழங்களோடு உள்ளே வந்தான்.

"மச்சான்... மன்னிச்சுக்கோடா," என்றான் பாஃபோ. "நீ பார்த்து வெச்சதை நான் வாங்கினது தப்புதான். எனக்கு உன்னைப் பார்த்துப் பொறாமைடா. உன் கைக்கு அது போய்ட்டா அப்புறம் என்னை யார் கேப்பாங்கன்னு பயம்."

லார்ட்டேக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இவ்வளவு நாள் பொறாமையில் வெந்தது தான் மட்டும் இல்லையா!

"விடுடா. உயிர் பொழைச்சியே, அது போதும்."

"ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு யார் வாசிச்சா?"

"நான்தான்."

"என்... என் கீபோர்டுலயா?"

"அதுலதான். ஜனங்க உக்காரவே இல்லடா! கையில கைக்குட்டையைச் சுழட்டிக்கிட்டே ஆடினாங்க. பாஸ்டர் பிரசங்கத்தைக் குறைச்சுட்டு இன்னும் ரெண்டு பாட்டு கேட்டார்."

பாஃபோவின் முகம் கறுத்தது. போர்வையை உதறினான். கட்டிலிலிருந்து காலைக் கீழே போட்டான்.

"டாக்டர்! டாக்டர்! எனக்கு ஒண்ணும் இல்ல! இப்பவே தையலைப் பிரிச்சு என்னை வீட்டுக்கு அனுப்புங்க!"

லார்ட்டே அவனை மெல்லப் பிடித்துப் படுக்க வைத்தான். போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தினான். ஓடி வந்த டாக்டரிடம் ரொம்பப் பணிவாகச் சொன்னான்.

"அவசரமே இல்ல டாக்டர்... ஈஸ்டர் முடியட்டும், நல்லா வெச்சுப் பாருங்க!"